'அட்டானமி'க்குத் தமிழ்: தாங்குநாள் சரிவருமா?

அன்புடையீர்,

மின்கம்பி எட்டாத மலைமுகட்டில் வைஃபை சமிக்ஞையை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் அஞ்சல் (ரிலே) நிலையம் நிறுவுவதற்கான கையேட்டு வரைவில் 'தன்னாட்சி நாள்' என்றொரு சொல் வருகிறது. மேகம் மூடிக் கிடக்கும்போது, பேனலிலிருந்து எதுவும் வராமல், பேட்டரி மட்டும் கருவிகளை எத்தனை நாள் ஓட்டும் என்பதைத்தான் சொல்ல வருகிறார்கள். 'டேஸ் ஆஃப் அட்டானமி' அப்படியே பெயர்ந்திருக்கிறது. தன்னாட்சி என்றால் படிப்பவருக்குக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். 'தற்சார்பு நாள்' என்பதும் உதவாது. சோலாரில் ஓடும் நிலையம் ஆண்டு முழுக்கத் தற்சார்புதானே.

பேச்சில் இதற்கு வினைச்சொல் ஏற்கெனவே இருக்கிறது. "இந்த பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றுதான் கேட்கிறோம். ஆகவே தாங்குநாள்.

கணக்கில் வைத்துப் பார்ப்போம். கொடைக்கானல் மலைச்சரிவில் 8 வாட் ரேடியோ இரண்டு, அவற்றை இணைக்கும் 4 வாட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று. மொத்தம் 20 வாட். நாளுக்கு 480 வாட்-மணி. 24 வோல்ட்டைச் சீராக்கும் கன்வெர்ட்டர் பத்தில் ஒரு பங்கைத் தின்னும் என்றால் ஏறத்தாழ 530. மூன்று தாங்குநாள் வேண்டுமானால் 1,590 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருக்க அதன் இரு மடங்கு, 3,180. வீட்டு இன்வெர்ட்டருக்கு விற்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் இரண்டைத் தொடராகக் கோத்தால் 3,600 கிடைக்கும்.

சொல் எங்கும் உறுத்தவில்லை. மற்றவர்கள் சொல்லுங்கள்.

* * *

> ஆகவே தாங்குநாள்.

ஐயா, கட்டடப் பொறியியலில் மண்ணுக்கும் தூணுக்கும் 'தாங்குதிறன்' என்கிறார்கள். இதே கையேட்டில் கோபுரம் காற்றைத் தாங்குவது பற்றியும் எழுத வேண்டிவரும். குழப்பம் வராதா?

மாற்றாக 'நிற்றல்' இருக்கிறது. "சார்ஜ் நிக்கல" என்பது வழக்கு. ஆனால் "ரேடியோ நின்னுபோச்சு" என்றால் ஓடவில்லை என்று பொருள். ஒரே வினையில் நேரெதிர் பொருள், ஆகாது. கடைகளில் சொல்லும் 'பேக்கப்'பைக் 'காப்புநேரம்' ஆக்கலாம். ஆனால் அது கரன்ட் போய் வருகிற வீட்டுக்கான மணிக்கணக்கு. இங்கே போய் வருவது வெயில்.

சொல்லைவிடப் பெரிய கேள்வி, எதுவரை தாங்கும் என்பது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்கும் சார்ஜ் கன்ட்ரோலர்களில், விலை குறைந்தவை பலவற்றில் 22.2 வோல்ட்டில்தான் லோடை, அதாவது பேட்டரியில் ஓடும் கருவிகளை, துண்டிக்கும்படி முன்கூட்டியே அமைத்திருக்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி வங்கியிலிருந்து (கோத்த பேட்டரித் தொகுப்பு) ஓர் ஆம்பியருக்குக் குறைவாகவே எடுக்கும்போது வோல்ட்டேஜ் அவ்வளவு எளிதில் சரியாது. 22.2க்கு வந்துவிட்டதென்றால் பேட்டரி கிட்டத்தட்டக் காலி. மூன்று நாளுக்குக் கணக்கிட்ட நிலையம் ஆறு நாள் ஓடியதாகக் காட்டும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அப்படி அடிமட்டம் போய், சரியாக நிரம்பாமலே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிக் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். துண்டிப்பை 24.0 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். மீள் இணைப்பு 25.2க்குக் கீழே வேண்டாம். இரண்டுக்கும் இடைவெளி போதாவிட்டால், லோடு விலகியதும் வோல்ட்டேஜ் துள்ளி எழும், லோடு சேரும், மறுபடி விழும். ரேடியோ விடிய விடிய அணைந்து எழுந்துகொண்டிருக்கும். ஃபிளாஷ் நினைவகத்தில் ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள்மென்பொருள்) கெட்டுப்போவது இப்படித்தான்.

இந்தத் துண்டிப்புக்கும் சொல் வேண்டும். மின்வெட்டு இருப்பதால் 'தாழ்வெட்டு' என்கிறேன். தாழ்வெட்டு எங்கே என்று சொல்லாத தாங்குநாள் வெறும் எண்.

* * *

> குழப்பம் வராதா?

வராது என்றே நினைக்கிறேன். திறன் என்று முடிந்தால் எடை, நாள் என்று முடிந்தால் காலம். ஈற்றுச்சொல் பிரித்துக் காட்டிவிடுகிறது. (இன்னொரு தாங்குதலும் இருக்கிறது: சார்ஜ் ஏறும்போது 24 வோல்ட் வங்கி 28.8 வரை போகும். சீராக்கி வைக்காமல் நேரடியாகக் கொடுத்தால் ரேடியோ அதைத் தாங்குமா என்று அதன் விவர அட்டையைப் பார்த்துவிட்டுக் கோக்க வேண்டும்.)

தாழ்வெட்டு நன்று. ஒரு திருத்தம் மட்டும்: அதை வோல்ட்டில் சொல்வது ஈய-அமிலத்துக்குத்தான் பொருந்தும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் பெரும்பகுதி வோல்ட்டேஜ் தட்டையாகவே ஓடும். 70 விழுக்காடா 40ஆ என்று மீட்டரை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே ஷன்ட் (ஓடும் மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) வைத்து ஆம்பியர்-மணியை எண்ண வேண்டும். வரையறையில் 'வோல்ட்' என்று எழுதாமல் 'மீதியிருப்பு' என்றே எழுதுவோம்.

* * *

இருவரும் பேட்டரியையே பார்க்கிறீர்கள். காலியான பேட்டரி எப்போது நிரம்பும்?

வடகிழக்குப் பருவத்தில் மலைப்பக்கத்துக்கு நாளொன்றுக்கு 3.5 மணி நேர முழுவெயில் என்று கொள்வோம். தூசி, சூடு, கம்பி, சார்ஜ் இழப்பு எல்லாம் போகப் பத்தில் ஏழு பங்கு கைக்கு வரும். 250 வாட் பேனல் தருவது 612 வாட்-மணி. அன்றாடச் செலவு 530 போனால் மிச்சம் 82. இழந்த 1,590ஐ நிரப்ப 19 நாளுக்கு மேல் ஆகும். நவம்பரில் அதற்குள் அடுத்த தாழ்வழுத்தம் வந்துவிடும். பேனலை 400 வாட் ஆக்கினால் நாளுக்கு 980, மிச்சம் 450, மூன்றரை நாளில் நிரம்பும். இரண்டாவது மழையில் செத்துப்போகும் நிலையங்களுக்குக் கூடுதல் பேட்டரி வாங்கிக் கொடுப்பது ஓட்டைக் குடத்துக்குப் பதில் பெரிய ஓட்டைக் குடம் வாங்குவதுதான்.

ஆகவே தாங்குநாளுக்கு இணையாக 'மீள்நாள்' வேண்டும். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கட்சி.

பேனலைத் தெற்கு நோக்கி 25 பாகை சாய்த்து வையுங்கள். அகலாங்கு 10 பாகைதான். ஆனால் நமக்குத் தட்டுப்பாடு நவம்பர், டிசம்பரில், அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது. காக்கை எச்சமும் மழையில் வழிந்துபோகும். டியூபுலர் பேட்டரி ஹைட்ரஜன் விடும், அமில ஆவி செம்பை அரிக்கும். கன்ட்ரோலரையும் ஸ்விட்சையும் அதே பெட்டியில் அடைக்காதீர்கள்.

மின்சாரம்தான் முதல் சிக்கல் என்பது புதிதல்ல. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியிருந்த கண் பரிசோதனை மையங்களையும் 2000களின் நடுவில் நெடுந்தொலைவு வைஃபையால் இணைத்த பெர்க்லி ஆய்வாளர்கள், ரேடியோ நுட்பத்தோடும் மின்வழங்கல் கோளாறுகளோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

* * *

மீள்நாளை ஏற்கிறேன். இலக்கணத்தில் ஒன்று மட்டும். தாங்குநாள் வினைத்தொகை, காலம் மறைந்து நிற்கும். தாங்கிய நாள், தாங்குகிற நாள், தாங்கும் நாள் மூன்றும் அதற்குள் அடக்கம். சொல்லுக்கு அது அழகு, பொறியியலுக்கு வம்பு. புது பேட்டரிக்குத் தாளில் போட்ட மூன்றும், மூன்று ஆண்டு கழித்துப் பேனலைக் கழற்றி அளந்த ஒன்றரையும் ஒரே பெயரில் வந்துவிடும். பேட்டரிக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். தகரப் பெட்டிக்குள் வைத்தால் இந்த வேறுபாடு சீக்கிரமே தெரியும். எனவே 'கணித்த தாங்குநாள்', 'அளந்த தாங்குநாள்' என்று அடைமொழி கட்டாயம்.

பதிவுக்கான வரைவு:

தாங்குநாள்: பேனல் வரவு இல்லாத நிலையில், நிரம்பிய பேட்டரி, குறித்த லோடைத் தாழ்வெட்டு வரை ஓட்டும் நாள் எண்ணிக்கை.

மீள்நாள்: தாழ்வெட்டைத் தொட்ட பேட்டரி, லோடும் ஓடிக்கொண்டிருக்க, குறித்த மாதத்து வெயிலில் மீண்டும் நிரம்ப எடுக்கும் நாள் எண்ணிக்கை.

எழுதும் முறை: லோடு 20 வாட்; தாழ்வெட்டு 50% மீதியிருப்பு; கணித்த தாங்குநாள் 3; நவம்பர் மீள்நாள் 3.5.