185 வாட் கார்டு, 240 வாட் கம்ப்யூட்டர்

மஞ்சக்குப்பத்துக்காரன்:
விளையாட்டுகளுக்காக ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்க, எட்டாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு மூன்று மாதம் யோசித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் ஏமாந்தவன் நான். என் கம்ப்யூட்டர் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய டவர். ஆறாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், 240 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி). இந்தக் கடைசி எண்ணை நான் அப்போது பார்க்கவே இல்லை.

புதுச்சேரியில் ஒருவர் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டை 6,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். ஞாயிறு காலை பஸ் ஏறினேன். தவளக்குப்பம் தாண்டும்வரை யூடியூபில் அந்தக் கார்டின் புகழையே கேட்டுக்கொண்டு போனேன். கார்டு பளபளவென்று இருந்தது. "மைனிங்கில் ஓடியதே இல்லை" என்று நான் கேட்காமலேயே சொன்னார். மைனிங் என்றால் கிரிப்டோ நாணயம் ஈட்டக் கார்டை இரவு பகலாக ஓட்டுவது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் கேபினட்டைத் திறந்தால், கார்டுக்கு எட்டு முள் மின் இணைப்பு வேண்டும். என் எஸ்எம்பிஎஸ்ஸில் அப்படி ஒரு வயரே இல்லை. 580 கார்டு ஒன்றே தனியாக 185 வாட் வரை இழுக்கும். மாற்று வயர் ஒன்றை வாங்கிச் செருகினேன். விண்டோஸ் வந்தது, விளையாட்டும் வந்தது. திரையில் முதல் குண்டு வெடித்ததும் கம்ப்யூட்டர் அணைந்தது. மூன்று முறை இப்படி. நான்காம் முறை அம்மாவே மெயினை அணைத்துவிட்டார். பெரிய எஸ்எம்பிஎஸ் போடலாம் என்றால், அந்த மதர்போர்டின் மின் செருகி வேறு மாதிரி. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது.

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருள் வேறு ஒரு செய்தி சொன்னது. ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) எண்ணிக்கை 2048. முழுமையான 580இல் 2304 இருக்கும். 2048 என்பது அதற்கு ஒரு படி கீழான 570 கார்டின் கணக்கு. 2018இல் சீனச் சந்தைக்காக 580 என்ற பெயரிலேயே வந்த வகையாம் இது. போலி என்றும் சொல்ல முடியவில்லை. விற்றவர் இன்றுவரை என் போனை எடுக்கவில்லை.

வில்லியனூர் வாசி:
தம்பி, மைனிங் கார்டு என்றதும் ஓடிவிட வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்ட பிறகு சந்தையில் வந்து குவிந்த கார்டுகளில் ஒன்றுதான் என்னுடையதும். வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் ஒரு விசிறியையும் மாற்றினேன். இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. ஆனால் விற்பவர் வீட்டிலேயே இருபது நிமிடமாவது விளையாட்டை ஓட விட்டு, வெப்பநிலையைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணினேன். அவர் மனைவி காபியே கொடுத்துவிட்டார்.

தேவனாம்பட்டினத்தான்:
கடற்கரைக்காரர்களிடம் பழைய கார்டு வாங்கினால் எச்டிஎம்ஐ துளையின் உலோகத்தையும் திருகுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் என் கார்டின் திருகுகள் துருப்பிடித்து, கழற்றும்போது இரண்டு உடைந்தே போயின. விற்கும்போது இதை நானாகச் சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

பாகூர்ப் பையன்:
நான் புதுக் கார்டே வாங்கி மாட்டிக்கொண்டவன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. கம்ப்யூட்டரோடு தரவு பரிமாற அதற்கு நான்கு பிசிஐஇ பாதைகள்தான், நினைவகமும் 4 ஜிபிதான். நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் (போர்டில் கார்டைச் செருகும் இடம்) சமாளித்துவிடும். என் போர்டு மூன்றாம் தலைமுறை, வேகம் பாதி. நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் படம் விக்கி விக்கி ஓடுகிறது. பெட்டியிலேயே அச்சிட்டிருந்ததை நான்தான் படிக்கவில்லை.

மஞ்சக்குப்பத்துக்காரன்:
வில்லியனூர் அண்ணா, அந்த இருபது நிமிடத்தை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா! 580ஐ 550 வாட் எஸ்எம்பிஎஸ் வைத்திருக்கும் நண்பனுக்கு, 2048 விவகாரத்தையும் சொல்லியே, 5,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். கையிலிருந்ததையும் சேர்த்துப் பழைய ஜிடிஎக்ஸ் 1650 வாங்கினேன், தனி மின் வயர் கேட்காத வகையாகப் பார்த்து. ஸ்லாட் தரும் 75 வாட்டே அதற்குப் போதும். ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகையும் 70 வாட்தான், ஆனால் அது என் பணத்துக்கு எட்டவில்லை. 1080பியில் அமைப்புகளை நடுத்தரமாக வைத்தால் நான் ஆடும் விளையாட்டுகள் நொடிக்கு 60 பிரேம்களை ஒட்டி ஓடுகின்றன. என் மானிட்டரும் 60 ஹெர்ட்ஸ்தான். அம்மா இன்னும் மெயின் சுவிட்சுப் பக்கம் பார்த்தபடியேதான் போகிறார்.