மோட்டார் கொட்டகையில் திருட்டு: எஃப்.ஐ.ஆர். போடவில்லை, ஆனால் வேலைப் பையனைக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார்கள். நாடாளுமன்றத்தில் பேசிய புதுச் சட்டம் எங்கே போனது?

வெட்டாற்றங்கரை விவசாயி

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டம், வெட்டாற்றுப் பாசனம், ஐந்து ஏக்கர். மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்வரை குறுவை நாற்றங்காலைக் காப்பாற்றுவது போர்செட்தான். போன வாரம் ராத்திரி மோட்டார் கொட்டகைப் பூட்டை உடைத்து, கேபிளை அறுத்து, ஸ்டார்ட்டர் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேபிளை எரித்துச் செம்பை எடைக்குப் போட்டால் அவர்களுக்கு என்ன கிடைக்குமோ, எனக்குப் புதிதாகப் போட 20,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டதற்கு, "கேஸ் போட்டா நீங்கதான் கோர்ட்டுக்கு அலையணும், நாங்க கண்டுபிடிச்சே குடுத்துடறோம்" என்றார்கள். யார் மேல் சந்தேகம் என்றார்கள். யார் மேலும் இல்லை என்றேன். சரி, மோட்டார் போடுகிற ஆள் யார் என்றார்கள். அதைச் சொன்னேன். மறுநாள் காலை கீழத்தெருவுக்குப் போய் அந்தப் பையனை வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். பத்தொன்பது வயது. அவன் அப்பா காலத்திலிருந்து எங்கள் வயலில் தண்ணீர் பாய்ச்சுகிற குடும்பம். வார்டு மெம்பர் போய் நின்ற பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு விட்டார்கள். கையெழுத்தும் இல்லை, காகிதமும் இல்லை. அடிக்கவில்லை என்கிறான். அவன் அம்மா அதை நம்பவில்லை. கூப்பிடும்போதெல்லாம் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

டிவியில் காவல்துறை பற்றி நாடாளுமன்ற விவாதம் பார்த்தேன். புதுச் சட்டம் வந்துவிட்டது, எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், மூன்று வருஷத்தில் நீதி என்கிறார்கள். என் கேள்வி இரண்டு. நான் வேறு ஸ்டேஷனில் போய்க் கொடுக்கலாமா? பையனைக் காப்பாற்ற என் புகாரை வாபஸ் வாங்கிவிடலாமா?

பாமணியாறு

வாபஸ் வாங்கிவிட்டு வேறு கேபிள் போடுங்கள் அண்ணே. நாற்று காய்ந்தால் எந்த எம்.பி.யும் வந்து தண்ணீர் ஊற்றப் போவதில்லை.

குடந்தை குமாஸ்தா

வாபஸ் வாங்காதீர்கள் தம்பி. கும்பகோணம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து தலை நரைத்தவன் சொல்கிறேன். வாபஸ் வாங்கினால் ஊருக்குள் என்ன பேச்சு கிளம்பும்? "அவன்தான் எடுத்தான், முதலாளி பாவம் பார்த்து விட்டுவிட்டார்" என்பார்கள். அந்தப் பெயர் பையனைவிட்டு எளிதில் போகாது. புகாரை இன்னும் அழுத்தமாக எழுத வேண்டும், அவனுக்கும் அதுதான் பாதுகாப்பு.

முதலில் புதுச் சட்டம். 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ். வந்தது. எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம் என்பது 173-ஆம் பிரிவு, ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். உங்களுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. நீங்கள் மன்னார்குடியில் கொடுத்தாலும் சுற்றிக்கொண்டு அதே ஸ்டேஷனுக்குத்தான் வரும். ஊர்விட்டு ஊர் வந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆனது அது.

உங்களுக்கு வேண்டியது அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. ஸ்டேஷனில் பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு, அதோடு பிரமாண வாக்குமூலம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் வண்டியில் ஏற்ற முடியாது.

புகாரை எழுதுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். "கேபிள் திருடு போய்விட்டது" என்று மொட்டையாக எழுதினால் அது சாதாரணத் திருட்டு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.ஸில் 303-ஆம் பிரிவு, மூன்று வருஷம் வரை தண்டனை. மூன்று வருஷத்திலிருந்து ஏழுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று புதுச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. இது பழைய சட்டத்தில் கிடையாது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்று எழுதிக்கொண்டால் இன்னும் மோசம், மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. ஆனால் உங்களுக்கு நடந்தது என்ன? இரவு நேரம், பூட்டிய கொட்டகை, பூட்டை உடைத்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள். பொருள் வைக்கப் பயன்படும் கட்டடத்தில் திருட்டு என்றால் 305, ஏழு வருஷம் வரை. இரவில் உடைத்துப் புகுந்தது 331(4), திருட்டுக்காக என்றால் பதினான்கு வருஷம் வரை. அந்தப் பூர்வாங்க விசாரணை வாசலே அடைபட்டுவிடும். ஆகவே பூட்டு உடைந்த நேரம், பூட்டின் அடையாளம், கேபிளின் நீளம், விலை எல்லாம் வரட்டும். உடைந்த பூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பையன் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புகாரிலேயே தனிப் பத்தியாக எழுதுங்கள்: "எனக்கு எந்த நபர் மீதும் சந்தேகம் இல்லை. என் வயலில் வேலை செய்யும் இன்னார் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவரை இன்ன தேதியில் காலை இத்தனை மணி முதல் இரவு ஒன்பது மணி வரை நிலையத்தில் வைத்திருந்ததாக அறிகிறேன். அந்த நேரத்துக் கேமராப் பதிவைப் பாதுகாக்கக் கோருகிறேன்." புகார்தாரர் கையெழுத்தில் இப்படி ஒரு பத்தி இருந்தால், பின்னால் யாரும் "முதலாளி கைகாட்டினார், கூட்டி வந்தோம்" என்று சொல்ல முடியாது. டெல்டாவில் காலம்காலமாக நடந்தது அதுதானே, பண்ணை கைகாட்டும், ஸ்டேஷன் கூட்டிப்போகும்.

கேமரா ஏன் என்றால், எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு பதிகிற கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் செத்தபோது, காட்சிகள் அன்றன்றைக்கே அழிகிற மாதிரி அமைத்திருந்தார்கள் என்று மாஜிஸ்ட்ரேட் அறிக்கையில் வந்தது.

இனிமேல் அவனைக் கூப்பிட்டால் எழுத்தில் கேளுங்கள். சந்தேக நபர் என்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன்படி நோட்டீஸ். சாட்சி என்றால் 179-இன்படி எழுத்துமூல ஆணை. அதில் பெண்கள், 15 வயதுக்குக் கீழே, 60 வயதுக்கு மேலே உள்ள ஆண்களை ஸ்டேஷனுக்கே வரச்சொல்லக் கூடாது, போலீஸ்தான் வீட்டுக்கு வரவேண்டும். அவன் அம்மாவையும் அப்பாவையும் வரச்சொன்னால் இது நினைவிருக்கட்டும். கைது என்றால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உறவினருக்கு உடனே சொல்லியாக வேண்டும்.

ஓய்வுபெற்ற எஸ்.எஸ்.ஐ.

நானும் அந்தக் காக்கியைப் போட்டவன், அதனால் கொஞ்சம் எங்கள் பக்கமும் கேளுங்கள். குமாஸ்தா ஐயா சொன்ன பிரிவெல்லாம் சரி. ஸ்டேஷனில் ஏன் பதிய மாட்டேன் என்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. மாதாமாதம் கிரைம் மீட்டிங் நடக்கும். கண்டுபிடிக்காத கேஸ் எத்தனை என்று எஸ்.பி. எழுப்பி நிற்க வைத்துக் கேட்பார். கேபிள் திருட்டில் ஆளும் கிடைக்காது, பொருளும் எரிந்து செம்பாகியிருக்கும். பதிந்த அன்றே அது எங்கள் தலையில் ஏறிவிடுகிறது. சி.எஸ்.ஆர். என்றால் அந்தக் கணக்கில் வராது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் இதுதான் காரணம்.

இன்னொன்று, விசாரணைக்கு என்று தனி ஆள் ஏது? கும்பாபிஷேகம், தேர், மந்திரி வருகை, கொள்முதல் நிலையத்தில் மறியல், எல்லாவற்றுக்கும் அதே ஆள்தான் பந்தோபஸ்து. விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரியுங்கள் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மகாமகத்துக்கு ஊரைக் காலி பண்ணி ஆள் அனுப்பின ஸ்டேஷனில் யாரைப் பிரிப்பது? இப்போது சோதனை, பறிமுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். பல இடத்தில் கான்ஸ்டபிள் சொந்த போனில்தான் எடுக்கிறார்.

பையனைக் காகிதம் இல்லாமல் பகல் முழுக்க வைத்தது தப்பு. அதற்குச் சால்ஜாப்பு கிடையாது. போன வருஷம் வரை என்றால் "சும்மா விசாரிக்கத்தானே" என்றிருப்பேனோ என்னவோ. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் நகை காணவில்லை என்ற புகாருக்கு விசாரிக்கக் கூட்டிப்போன கோயில் காவலாளி பிணமாகத்தான் வந்தார். பதவியில் இருப்பவர்கள் அதற்குப் பிறகாவது பயப்பட வேண்டும்.

புதன்கிழமை எஸ்.பி. ஆபீஸில் மனு வாங்குவார்கள். தபாலும் அனுப்புங்கள், நேரிலும் போங்கள். இரண்டும் வேண்டும்.

மன்னார்குடி வாத்தியார்

நாடாளுமன்றம் பேசினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஒரு பழைய கதை. 1854 ஜூலையில் லண்டனில் காமன்ஸ் சபையில் சென்னை மாகாண நிலவரி பற்றி விவாதம் வந்தது. வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று உறுப்பினர்கள் சொன்னார்கள். அந்த விவாதத்தின் சூட்டில் சென்னையில் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள், 1855-இல் அறிக்கை வந்தது. விரலை நசுக்குகிற கிட்டி, குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டுகிற அண்ணாந்தாள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. வரி கேட்கிற தாசில்தாரே போலீசுக்கும் தலைவர் என்ற ஏற்பாடுதான் வேர் என்று பேசப்பட்டு, 1859-இல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. அதாவது நம் போலீஸ் என்ற அமைப்பே ஒரு சித்திரவதை விவாதத்துக்குப் பிறகு பிறந்தது.

நம் நாடாளுமன்றத்துக்கு வாருங்கள். ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது, இன்னும் அங்கீகரிக்கவில்லை. 2010 மேயில் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய், 2014-இல் மக்களவை கலைந்ததும் காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் 273-ஆம் அறிக்கையில் மறுபடி ஒரு மசோதாவையே எழுதிக் கொடுத்தது, அலமாரியில் இருக்கிறது. அப்புறம் 2023 டிசம்பரில் மூன்று குற்றவியல் சட்டங்களும் நிறைவேறிய அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்தார்கள். அதை எப்படி விவாதம் என்பது?

தவிர, காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. டெல்லியில் குற்றச் சட்டத்தையும் நடைமுறையையும்தான் எழுதலாம். ஸ்டேஷனுக்கு ஆள் போடுவதும் தப்பு செய்தவரைத் தண்டிப்பதும் கோட்டையில். சட்டமன்றத்தில் போலீஸ் மானியக் கோரிக்கை வரும் நாளில் நம் எம்.எல்.ஏ. என்ன பேசினார் என்று பார்த்திருக்கிறோமா?

குடந்தை குமாஸ்தா

வாத்தியார் ஐயா சொன்ன மாநிலம் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். போலீஸ் மேல் புகாரை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றுதான் பிரகாஷ் சிங் வழக்கின் 2006 தீர்ப்பு சொன்னது. நம் மாநிலம் 2013-இல் ஒரு சட்டம் போட்டு, மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்டத்தில் கலெக்டரையும் தலைவராக்கியது. மாவட்டக் குழுவில் எஸ்.பி.யும் உறுப்பினர். எஸ்.பி.க்குக் கீழே உள்ளவர் மேல் புகார், கேட்பவரும் எஸ்.பி. நான் யாரையும் அங்கே அனுப்புவதில்லை. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் எழுதலாம், அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருக்கிறது. அதையும் பையனோ அவன் அம்மாவோதான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் அல்ல.

வெட்டாற்றங்கரை விவசாயி

எல்லோருக்கும் நன்றி. எஸ்.பி.க்கு எழுதிவிட்டேன், அந்தப் பத்தியையும் சேர்த்தேன். பையன் வீட்டில் படித்துக் காட்டினேன். அவன் அம்மா ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். வேலைக்கு இன்னும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மூன்று சந்தேகம். மனுவில் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டுமா? கேபிள் பில் தொலைந்துவிட்டது, என்ன செய்வது? ஹைகோர்ட் வரை போக வேண்டி வந்தால் மதுரையா?

குடந்தை குமாஸ்தா

ஸ்டாம்ப் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் ரசீதையும் இணையத்தில் காட்டுகிற டெலிவரி விவரத்தையும் அச்செடுத்து வையுங்கள். மாஜிஸ்ட்ரேட் மனுவுக்கு அதுதான் ஆதாரம். பில்லுக்கு வாங்கின கடையில் நகல் கேளுங்கள், இல்லையென்றால் புதிதாக வாங்குகிற கேபிளின் பில்லை இணைத்து "இதே அளவு" என்று எழுதுங்கள். ஹைகோர்ட் என்றால் எங்கள் தஞ்சாவூர் மாவட்டம்தான் மதுரை. நீங்கள் திருவாரூர், சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். அதுவரை போகாது என்று நினைக்கிறேன். எஃப்.ஐ.ஆர். போட்டதும் நகல் இலவசமாகத் தரவேண்டும், வாங்காமல் வராதீர்கள். அதில் 305 இருக்கிறதா, 303 இருக்கிறதா என்று பார்த்து இங்கே போடுங்கள்.