எமோ ஹார்ட்கோர் உங்கள் காதில் முதலில் விழுந்தது எங்கே? சொல்லுங்கள்: மூன்று பேரின் பதில்கள்

வேலைக்காக வாஷிங்டன் பக்கம் வந்த பிறகுதான் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவை முழுசாகக் கேட்டேன். எமோ (மனசைத் திறந்து கொட்டும் பங்க் இசை) என்றதும் நெற்றியில் விழும் முடியும் கண்மையும் ஞாபகம் வருகிறவர்கள், இந்த ஊரின் 1985-லிருந்து கேட்க ஆரம்பிக்க வேண்டும். வேகமும் கத்தலுமான ஹார்ட்கோர் பங்க் வாசித்த மைனர் த்ரெட் குழு 1983-இல் கலைந்துவிட்டது. ஹார்ட்கோர் கச்சேரிகளில் அடிதடி மிஞ்சிப் போய், பாட்டுக்காக வந்தவர்களே ஒதுங்கத் தொடங்கினார்கள். அந்த வட்டத்து இளைஞர்கள் சிலர், சரி, நாமே வேறு மாதிரி வாசிப்போம் என்று இறங்கினார்கள். அந்தக் கோடைக்கு ரெவல்யூஷன் சம்மர் என்றே பெயர். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங், எம்ப்ரேஸ், பீஃப்ஈட்டர் குழுக்கள் எல்லாம் அந்த அலையில் வந்தவைதான்.

ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போட்டது ஒரே ஒரு முழு ஆல்பம். டிஸ்கார்ட் என்ற இசை நிறுவனத்தின் வெளியீடு, ஆற்றுக்கு அக்கரையில் ஆர்லிங்டனில் பதிவானது, தயாரித்தவர் மைனர் த்ரெட் பாடகர் இயன் மெக்காய். வேகம் பழைய ஹார்ட்கோர் வேகமேதான். ஆனால் கிட்டார் ஒரேயடியாக வெட்டிக்கொண்டே போகாது. நடுவில் மெட்டுப் பிடிக்கும், தனித்தனி நரம்பாகப் பிரியும், ஃபீட்பேக் ரீங்காரத்தில் தொங்கி நிற்கும். அதன் மேல் கீ பிச்சோட்டோவின் குரல். அந்தக் காலத்துப் பங்க் இசை அரசாங்கத்தைத் திட்டியது என்றால், இவர் தன்னையே கேள்வி கேட்டார். ஒரு வரியைப் பாட்டாகத் தொடங்கி, மூச்சுப் போதாமல் பாதியில் உடைந்து, கத்தலாக முடிப்பார். உடைகிற அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

ஹெய்ன்ஸ் பாயிண்ட் பெயரில் அதில் ஒரு பாட்டு உண்டு. போட்டோமாக் ஆற்றை ஒட்டி நீளும் பூங்காவின் தென்முனை அது. அங்கே நடந்தபடி அதைப் போட்டேன். எதிர்க்கரையில் இறங்கும் விமான இரைச்சலில் பேஸும் டிரம்ஸும் அமுங்கி, கிட்டார் மட்டும் தனியாகக் கேட்டது. இவ்வளவு மெல்லிசை உள்ளே இருப்பது அன்றுதான் பிடிபட்டது.

*

நான் சான் டியேகோவில் படித்தவன். எங்கள் பல்கலைக்கழக வளாகத்திலேயே சே கஃபே என்ற கச்சேரி இடம் இருந்தது. 90-களின் தொடக்கத்தில் ஹெராயின், ஆன்டியோக் ஆரோ போன்ற உள்ளூர்க் குழுக்கள் வாஷிங்டன் பாணியை இன்னும் வேகமாக, இன்னும் கலங்கலாக ஆக்கின. கிராவிட்டி ரெக்கார்ட்ஸ் அவற்றை வெளியிட்டது. கத்தலே பிரதானமான எமோவைப் பின்னாளில் ஸ்க்ரீமோ என்றார்களே, அது இங்கே உருவானதுதான்.

நான் நேரில் பார்த்தது ரொம்பப் பிந்திய ஒரு குழுவை. பாடகர் திடீரென்று மைக்கைத் தரையில் வைத்துவிட்டு, வெறும் தொண்டையில் கத்தினார். கழுத்து நரம்பு புடைப்பது தெரிகிற தூரத்தில் நின்றேன். கேட்டதில் பாதி டிரம்ஸ் சத்தம், ஆனாலும் அவர் விடவில்லை. பக்கத்தில் நின்ற பெண் வாய்விட்டு அழுதாள். யாரும் வேடிக்கை பார்க்கவில்லை, கொஞ்சம் இடம் மட்டும் விட்டுக் கொடுத்தார்கள்.

*

மேலே உள்ள இரண்டு பதில்களையும் படித்தபோது எனக்கு டோக்கியோவின் என்வி குழு ஞாபகம் வந்தது. ஜப்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. மெதுவான கிட்டாருக்கு மேல் டெட்சுயா ஃபுகாகாவா பேசிக்கொண்டே போவார், அப்புறம் மொத்தக் குழுவும் சேர்ந்து வெடிக்கும். கத்தலுக்கு முன்னால் வருகிற அந்தப் பேச்சுதான் என்னை உலுக்கியது. புதிதாகக் கேட்பவர்கள் 2003-இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தை நல்ல ஹெட்போனில், நிறுத்தாமல் முழுசாகக் கேளுங்கள்.