த்ரே சீமே சுற்று 4 மணி நேரமா? யார் காதுல பூ சுத்துறீங்க?

ஏறுமுகம்:
நேத்து இங்க ஒரு பயணக் கட்டுரை வந்துச்சு. தலைப்பு ‘செஸ்தோ பள்ளத்தாக்கில் குடும்பத்தோடு ஒரு நடை’. அதுல ஒரு வரி: ‘த்ரே சீமே சுற்றை 4 மணி நேரத்தில் சாவகாசமாக முடித்துவிடலாம், குழந்தைகளும் நடக்கலாம்.’ படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது.

த்ரே சீமேங்கறது வடக்கு இத்தாலி, தோலமைட் மலையில பக்கத்துல பக்கத்துல நிக்கிற மூணு சிகரம். செஸ்தோ ஊர்ல இருந்து வால் ஃபிஸ்கலினா பள்ளத்தாக்குக்குள்ள போனா கார் நிறுத்துற இடமே 1,454 மீட்டர். ஃபோந்தோவால்லே ஹட்டை, அதாவது மலை விடுதியை, தாண்டினதும் பாதை ரெண்டாப் பிரியும். இடது பக்கம் 103ஆம் நம்பர் பாதை. அதுல ஏறினா சிக்மோந்தி-கோமிச்சி ஹட், 2,224 மீட்டர். அங்கிருந்து 101ஐப் பிடிச்சு பியான் தி செஞ்சியா, 2,528. அப்புறம் லொகாதெல்லி ஹட், 2,405. அங்கதான் மூணு சிகரமும் முகத்துக்கு நேரா நிக்கும். இறங்குறதுக்கு 102. ஏற்றம் மட்டும் ஆயிரம் மீட்டருக்கு மேல. நல்லா நடக்கிறவனுக்கே ஏழு மணி நேரம் ஆகும். இதுல 4 மணி எங்கேருந்து வந்துச்சு?

வெண்மேகம்:
வணக்கம் சார். ‘ஒரு கட்டுரை’ன்னு மூடி மறைக்க வேண்டாம், எழுதினது நான்தான். என் பையன், மாமியார் எல்லாரும் நடந்தாங்க. 4 மணி நேரத்துல முடிச்சோம். நடுவுல உட்கார்ந்து சூப்பும் குடிச்சோம். உங்களுக்கு ஏழு மணி ஆச்சுன்னா அதுக்கு மலை என்ன பண்ணும்?

ஏறுமுகம்:
மாமியாரை ஏன் சாட்சிக்கு இழுக்கறீங்க மேடம்? மணிக்கு 300 மீட்டர் ஏறலாம்ங்கறது மலையில பொதுவாப் போடுற கணக்கு. ஆயிரம் மீட்டருக்கு ஏறவே மூணு மணிக்கு மேல ஆகும். மிச்சத்தை என்ன, உருண்டு வந்தீங்களா? செஸ்தோவுல இருந்து பார்த்தா அங்க சிகரங்களுக்கே மணிக்கணக்குலதான் பேர் வச்சிருக்காங்க. ஒன்பது, பத்து, பதினொன்னு, பன்னண்டு, ஒன்னு. நாலுன்னு ஒரு சிகரம் கிடையாது. 4 மணிக்கு ஆதாரம் காட்டுங்க.

கல்லும்முள்ளும்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். வெண்மேகம், நீங்க மிசுரினா பக்கத்துல இருந்து டோல் ரோட்டுல ஆரோன்சோ ஹட் வரைக்கும் கார்ல போயிட்டு, அங்கிருந்துதானே நடந்தீங்க? அது 2,300 மீட்டருக்கு மேல. 101ல லவாரெதோ கணவாய் ஏறி (2,454), லொகாதெல்லி போய், 105ல திரும்பினா 10 கிலோமீட்டர் போல வரும். அதுக்கு 4 மணி சரிதான். ஏறுமுகம் சொல்றது அடிவாரத்துல இருந்து ஏறுற சுற்று. நீங்க ரெண்டு பேரும் வேற வேற பாதையைப் பத்திப் பேசறீங்களோன்னு தோணுது.

ஏறுமுகம்:
நாட்டாமை பண்ண உங்களை யாரும் கூப்பிடலை. தலைப்புல செஸ்தோ பள்ளத்தாக்குன்னு போட்டிருக்காங்க. ஆரோன்சோ ஹட் பெல்லூனோ மாகாணத்துல இருக்கு. அதை நம்பி ஒரு குடும்பம் ஃபிஸ்கலினாவுல 103 ஏறினா என்ன ஆகும்? 4 மணின்னு நினைச்சு பத்து மணிக்குக் கிளம்புவாங்க. ஆகஸ்ட் மாசம் மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வந்தா பியான் தி செஞ்சியா மேல ஒதுங்க மரம்கூட கிடையாது. 2007 அக்டோபர்ல சீமா உனாவுல (அந்த ‘ஒன்னு’ மணிச் சிகரம்) இருந்து சுமார் 60,000 கன மீட்டர் பாறை சரிஞ்சு பள்ளத்தாக்கு முழுக்க தூசி மண்டினது இதே இடத்துலதான். 4 மணியாம்.

தோலமைட் தாசன்:
பெரியவரே, பாறை சரிஞ்சதுக்கும் 4 மணிக்கும் என்ன சம்பந்தம்? நானும் உங்க ஃபிஸ்கலினா சுற்றைப் போயிருக்கேன். ட்ரெயில் ரன்னிங் ஷூ, ஒரு சின்னப் பை, அஞ்சு மணி நேரம். நீங்க வீட்டையே முதுகுல கட்டிக்கிட்டு ஏறினா ஏழு என்ன, ஒன்பதே ஆகும்.

ஏறுமுகம்:
வாங்க தம்பி, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். 2025ல தோலமைட்லயே இருக்கிற செசேடா மலையில நிலத்துக்காரங்க கதவு போட்டு ஆளுக்கு 5 யூரோ வசூல் பண்ணப்போ ‘அவங்க நிலம், அவங்க உரிமை’ன்னு இங்க வக்காலத்து வாங்கினவர்தானே? அன்னைக்கே உங்க நியாயம் தெரிஞ்சு போச்சு. அப்புறம், நீங்க சொல்றதும் அஞ்சு, 4 இல்ல. ஓடுறவனுக்கே அஞ்சு ஆகும்போது மாமியாருக்கு எப்படி 4?

தோலமைட் தாசன்:
செசேடாவை விடவே மாட்டீங்களா? புல்வெளியை மிதிச்சு நாசம் பண்ணி, குப்பை போட்டுட்டுப் போனா நிலத்துக்காரன் வேற என்ன செய்வான்? நான் சொன்னதுல இப்பவும் மாற்றம் இல்ல.

வெண்மேகம்:
தாசன், ஆதரவுக்கு நன்றி, ஆனா என் மாமியாரை ரெண்டு பேரும் விட்டுடுங்க. ஆரோன்சோ வரைக்கும் கார்ல போறது ஓசி இல்லைங்கறதையும் சொல்லிடறேன். 2025ல இருந்து ஆன்லைன்ல முன்பதிவு, காருக்கு 40 யூரோ. அவ்வளவு குடுத்துட்டு 4 மணி நேரத்துல ஏன் திரும்பினோம்னுதான் என் வீட்டுக்காரர் புலம்பினார்.

ஏறுமுகம்:
ஆக, கார்ல போனது இப்பதான் வெளிய வருது! கட்டுரையில அந்த 40 யூரோ எங்க? 2,300 மீட்டருக்கு எஞ்சின் ஏத்திவிட்டுச்சு, கணக்கு மட்டும் உங்க காலுக்கா? அது மலையேற்றம் இல்ல மேடம், மொட்டை மாடியில வாக்கிங்.

வெண்மேகம்:
அப்ப கார்ல போனா 4 மணின்னு ஒத்துக்கறீங்க?

ஏறுமுகம்:
நான் எதையும் ஒத்துக்கலை.

பனங்காடு:
எல்லாரும் மணி பார்க்கறீங்க, அந்த இடத்தோட கதையை யாரும் பேசலை. லொகாதெல்லி ஹட்டை ஒரு காலத்துல நடத்தினவர் செப் இன்னர்கோஃப்ளர், செஸ்தோவோட பேர் பெற்ற வழிகாட்டி. முதல் உலகப் போர்ல, 1915 ஜூலை 4 அன்னைக்கு, பக்கத்துல இருக்கிற பாத்தெர்னோ சிகரத்தை இத்தாலியப் படைகிட்ட இருந்து பிடிக்க ஏறினப்போ செத்துப்போனார். போர்ல குடைஞ்ச சுரங்கத்துக்குள்ள இன்னைக்கும் ஏறிப் போகலாம். ஹெல்மெட்டும் டார்ச்சும் வேணும், உள்ள தலை இடிக்கும், படி ஈரமா இருக்கும்.

தோலமைட் தாசன்:
அண்ணே, எந்த மலையைப் பத்திப் பேசினாலும் போரைக் கொண்டாந்துடுவீங்களா? போன தடவை மர்மோலாதா, இப்ப இது.

பனங்காடு:
வரலாறு தெரியாம அஞ்சு மணி நேரத்துல ஓடிட்டு வர்றவங்களுக்கு எரிச்சலாத்தான் இருக்கும். ஷூ விலையைப் பேசுங்க, அதுதான் உங்களுக்கு வரும்.

ஏறுமுகம்:
பனங்காடு ஐயா சொல்றது அருமை. ஆனா திசை திருப்ப வேண்டாம். 4 மணி நேரம். அதுக்குப் பதில் வரலை.

கல்லும்முள்ளும்:
நான்தான் அப்பவே சொன்னேனே, கிளம்புற இடம் வேறன்னு...

ஏறுமுகம்:
நீங்க ஏற்கனவே சொல்லிட்டீங்க.

புதுமுகம்22:
எல்லாருக்கும் வணக்கம். ஜூன் கடைசியில குடும்பத்தோட போறோம், கார் இல்ல, பையனுக்கு எட்டு வயசு. எந்தப் பாதை நல்லது?

வெண்மேகம்:
தொப்பியாக்கோவுல இருந்து ஆரோன்சோவுக்கு 444 பஸ் இருக்கு, முன்பதிவு பண்ணிக்குங்க. அங்கிருந்து சுற்று, 4 மணி நேரம். தைரியமாப் போங்க.

ஏறுமுகம்:
புதுமுகம், கேட்காதீங்க. ஜூன் கடைசியில மேல நிழல் விழுற சரிவுல பனி கிடக்கும். பூட்ஸும் கம்பும் இல்லாம பையனைக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஃபிஸ்கலினாவுல அடிவாரத்துலேயே ஃபோந்தோவால்லே வரைக்கும் நடந்துட்டு வாங்க, வழி முழுக்கச் சமதளம் மாதிரிதான். 4 மணின்னு யாரும் சொன்னா என்கிட்ட அனுப்புங்க.

தோலமைட் தாசன்:
எட்டு வயசுப் பையன் லவாரெதோ கணவாயை உங்களுக்கு முன்னாடி ஏறிடுவான் பெரியவரே. ஹட் வரைக்கும் அகலமான மண்ரோடு, தள்ளுவண்டியில கைக்குழந்தையை வச்சுத் தள்ளிட்டுப் போறாங்க.

ஏறுமுகம்:
லவாரெதோ ஹட் வரைக்கும்தான் தள்ளுவண்டி போகும். கணவாய்க்கு மேல அந்த வண்டியைத் தலையில வச்சுத் தூக்கணும். படம் போடுங்க, மணி தெரியுற மாதிரி. கிளம்பினது ஒண்ணு, திரும்பினது ஒண்ணு. அதுவரைக்கும் நான் இந்த இழையை விட்டு நகர மாட்டேன்.

வெண்மேகம்:
படம் போன்லதான் இருக்கு. உங்களுக்குக் காட்டணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?