தனியாக வசிக்கும் அம்மாவின் வீட்டில் முதலில் எதை மாற்றுவது?

காவிரிக்கரை:
கும்பகோணத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் 76 வயதான என் அம்மா தனியாக வசிக்கிறார். இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருந்தாலும் சமைப்பது, குளிப்பது, கோயிலுக்குப் போய் வருவது அனைத்தையும் தாமே செய்துகொள்கிறார். இனியும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆனால் கூடத்துச் சோபாவிலிருந்து எழுந்திருக்க யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கிறது. கழிப்பறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார். மருத்துவமனைச் சாமான்கள் போன்றவற்றை வாங்கி வைத்தால் தம்மை நோயாளியாக்கிவிட்டதாக வருந்துவார். குறைந்த செலவில் எங்கிருந்து தொடங்கலாம்?

இயன்முறை:
இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். தயவுசெய்து அந்தத் துண்டுக் கம்பியிலிருந்தே தொடங்குங்கள். அது ஈரத்துணியைத் தாங்குவதற்காகப் பூச்சில் திருகப்பட்டது. கால் தடுமாறும் நொடியில் உடலின் முழு எடையும் அதன்மேல் விழுந்தால் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பதிலாகப் பொருத்தும் கைப்பிடிக் கம்பிகள் குறைந்தது 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் விதிகள் கூறுகின்றன. கம்பிக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரை அங்குல இடைவெளி வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. உறிஞ்சு ரப்பரால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளை உடல் எடைக்கு நம்ப வேண்டாம்.

கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும்படி இருக்கட்டும், தாழ்ப்பாளும் அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். உள்ளே விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உதவிக்கு வருபவரால் நுழைய முடியாது.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். 20 வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் எட்டுகிறது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவில் கண் கூசாத சிறு விளக்குகள் எரிய வேண்டும். வெள்ளை டைல்ஸுக்கு நடுவே வெள்ளைக் கழிப்பிருக்கை இருந்தால், அதன் மூடியையாவது அடர்ந்த நிறத்தில் மாற்றுங்கள்.

உளிச்சத்தம்:
மரவேலை செய்பவன் என்ற முறையில் இருக்கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் சிக்கலின் பாதி அங்கேதான் இருக்கிறது. சோபா தாழ்வாகவும் ஆழமாகவும் மெத்தென்றும் இருப்பதால் இடுப்பு முழங்காலுக்குக் கீழே அமிழ்ந்துவிடுகிறது. அங்கிருந்து எழ முழங்கால்தான் பெரும் பாரத்தையும் சுமக்கிறது. கடையில் கிடைக்கும் ‘பொது அளவு’ நாற்காலியை வாங்காதீர்கள். அம்மாவைச் செருப்பில்லாமல் உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதற்கு மேல் 3 முதல் 5 செ.மீ. வரை கூட்டினால் அதுவே அவருக்கு உரிய இருக்கை உயரம். மிகவும் உயர்த்தினால் பாதம் தரையில் படியாமல் தொங்கி, விளிம்பில் வழுக்கும்.

கைப்பிடிகள் இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டிருக்க வேண்டும், ஏனெனில் எழும்போது கை ஊன்றப்படுவது முன்பகுதியில்தான். முன்கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் போடச் சம்மதிக்காதீர்கள். எழுவதற்கு முன் பாதங்களைப் பின்னால் இழுத்துக்கொள்ள இடம் வேண்டும். இந்த அளவுகளைச் சொன்னால் எந்த ஆசாரியும் பூவரசிலோ தேக்கிலோ அழகாகச் செய்து தருவார், அதைப் பார்த்து ஒருவரும் நோயாளியின் நாற்காலி என்று சொல்லமாட்டார்கள். கட்டிலின் உயரத்தையும் மெத்தையோடு சேர்த்தே அளந்து பாருங்கள்.

மாடித்தோட்டம்:
நானும் 70 வயதைக் கடந்து தனியாக வாழ்பவள். மேலே சொன்ன அனைத்தும் சரியே. ஆனால் எதைச் செய்வதற்கு முன்பும் அம்மாவிடம் ஒரு நாள் முழுவதையும் விவரிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளியிலிருந்து வரும் பிள்ளைகள் குளியலறையைப் பார்ப்பார்கள், ஆனால் அரிசி டப்பா பரண்மேல் இருப்பதையும் இட்லிப் பானை தரையோடு ஒட்டிய அலமாரியில் கிடப்பதையும் பார்க்கமாட்டார்கள். அன்றாடம் எடுக்கும் சாமான்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு நகர்த்துவதற்குச் செலவே இல்லை. காய் நறுக்க அடுப்பங்கரையில் ஓர் உறுதியான நாற்காலி போட்டுக் கொடுங்கள். ‘நீ உட்கார், நான் செய்கிறேன்’ என்று வேலையைப் பறித்துக்கொள்ளும் அன்பு எங்களை விரைவாக முடக்கிவிடுகிறது.

காவிரிக்கரை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. எங்கள் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்ட பழைய செங்கல் சுவர். அதில் கம்பி நிற்குமா? அடுத்து, நிலைப்படி அரையடி உயரம். அதை வெட்டி எடுக்க அம்மா ஒருபோதும் சம்மதிக்கமாட்டார்.

உளிச்சத்தம்:
அத்தகைய சுவரில் வெறும் ரால் பிளக் (திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் சிறு குழல்) காலப்போக்கில் தளரும். சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து, போல்ட்டால் இறுக்குங்கள். முடித்தபின் அம்மா பிடிப்பதற்கு முன்பு நீங்களே முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பாருங்கள். நிலைப்படியை வெட்ட வேண்டாம். 1:12 என்ற அளவில் சரிவு கட்டினால் அரையடிக்கு ஆறடி நீளம் வேண்டும், அது கூடத்தையே விழுங்கிவிடும். அதற்குப் பதிலாக இரு பக்கமும் நிலைப்படியின் பாதி உயரத்தில் அகலமான மரப்படி ஒவ்வொன்றை ஆடாமல் பதித்து, நிலைக்காலிலேயே செங்குத்தான கைப்பிடி பொருத்திவிடுங்கள். படியின் விளிம்பில் மட்டும் வேறு நிறத்தில் பட்டையாகப் பூசிவிட்டால் மாலை வெளிச்சத்திலும் அவருக்குத் தெரியும்.