1504 எனப் பொறித்த பேராயர் நாணயம் மெய்யானதா?

வினா (உவர்மலை)
என் அம்மப்பா 1957 வரை திருக்கோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். அவருடைய தகரப் பெட்டியில் பெரிய வெள்ளி நாணயம் ஒன்று கிடைத்தது. அதில் 1504 என்ற ஆண்டும், கேடயத்துக்குள் இலையோடு கூடிய கிழங்கொன்றும் தெரிகின்றன. நகைக்கடைத் தராசில் 24.6 கிராம் நின்றது. கடைக்காரர் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம் என்றார். மனம் ஒப்பாமல் திருப்பி வாங்கிக்கொண்டேன். இது யாருடைய நாணயம்? மெய்யானதா என்பதை வீட்டிலேயே அறிய வழியுண்டா?

பதில் (நிலாவெளி)
உரைக்க விடாதது மிக நல்லது. புளியோ திருநீறோ இட்டுத் துலக்கவும் வேண்டாம். பழைய நாணயத்தின் மேற்பரப்பு ஒருமுறை தேய்ந்தால் மீளாது. அந்தக் கிழங்கு டர்னிப். 1495 முதல் 1519 வரை, இன்று ஆஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பூர்க்கை ஆண்ட பேராயர் லெயோன்ஹார்ட் ஃபொன் கொய்ட்ஷாக்கின் குடும்பச் சின்னம் அதுவே. அவர் விரிவாக்கிய ஹோஹென்சால்ஸ்பூர்க் கோட்டையின் சுவர்களிலும் அதே கிழங்கை இன்றும் காணலாம். நம்மூர் ஆயரை மனத்தில் வைத்து அவரை விளங்கிக்கொள்ள முடியாது: திருச்சபைத் தலைமையோடு, வரி விதிக்கவும் நாணயம் அடிக்கவும் உரிமை பெற்ற அரசராகவும் அவர் இருந்தார். ஹாலைன் உப்பும் காஸ்டைன் பள்ளத்தாக்கின் பொன்னும் அவருடைய கருவூலத்தை நிரப்பின. 1504ஆம் ஆண்டின் இந்த வெள்ளி நாணயத்தைச் சேகரிப்போர் 'ரூபன்டாலர்', அதாவது கிழங்குத் தாலர், என்பார்கள். அது மிகவும் அரிது.

பதில் (தம்பலகாமம்)
எடைதான் எனக்கு ஐயத்தைத் தருகிறது. பொற்காசான குல்டனின் பெறுமதியை வெள்ளியிலேயே தரும் பெரிய நாணயத்தை 1486இல் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதி ஆட்சியாளர் சிகிஸ்முண்ட் ஹால் நகரில் அடிப்பித்தார். அதன் எடை ஏறக்குறைய 32 கிராம். அந்த வரிசையில் வந்த நாணயம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் 24.6 கிராமுக்கு இறங்குவது அரிது. அரிய நாணயங்களுக்கு வார்ப்புப் பிரதிகள் உண்டு என்பதால் அடர்த்தியைச் சோதியுங்கள். தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதாக அமிழ்த்துங்கள். தராசு காட்டும் எண்ணால் 24.6ஐ வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நல்ல வெள்ளியென்றால் 10.3க்கு அருகில் வரவேண்டும்.

வினா எழுப்பியவர்
மூன்று முறை செய்தேன் ஐயா. மூன்றிலும் தராசு 2.8 காட்டியது.

பதில் (தம்பலகாமம்)
அப்படியானால் அடர்த்தி 8.8. அது செம்புக் கலவைக்குரிய எண். மேலே வெள்ளி முலாம் இருக்கலாம். விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அச்சால் அடித்த நாணயத்தில் சுற்றிவர ஒட்டுக்கோடு இருக்காது.

வினா எழுப்பியவர்
கோடு தெரிகிறது. எழுத்துகளுக்கிடையே ஊசிமுனை அளவில் குழிகளும் உள்ளன. விற்கும் எண்ணம் முன்பும் இல்லை. பிரதி என்று ஒரு துண்டில் எழுதி, அம்மப்பாவின் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.