வளரும் நாடொன்று நவீன வான்பாதுகாப்பு ஏவுகணைகளைப் பெற வேண்டுமெனில் அதற்குள்ள வழிகள் எவை?

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2025 மே மாதத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நடந்த மோதலின் பின்னர், வான்பாதுகாப்பு ஏவுகணைகளைப் பற்றிய பேச்சு கொழும்பிலும் அதிகரித்திருக்கிறது. இலங்கையும் ரஷ்யாவின் நெடுந்தூர வான்பாதுகாப்பு ஏவுகணைத் தொகுதியான எஸ்-400 போன்ற ஒன்றை வாங்க வேண்டும் என்று சிலர் கூறுகின்றனர்; கடன் வாங்கிக் கடன் அடைக்கும் நாட்டுக்கு இது எதற்கு என்று வேறு சிலர் கேட்கின்றனர். இலங்கையை ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் வைத்துக்கொண்டு, வருமானம் குறைந்த ஒரு நாடு யாரிடமிருந்து, எந்த நிபந்தனைகளின் கீழ், எந்த வகை ஏவுகணைகளைப் பெற முடியும் என்பதை விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

கொட்டாஞ்சேனைக் குமரன் எழுதியது:

ஏவுகணையின் விலையை விட, அதை விற்பவரோடு ஏற்படும் உறவின் விலையே பெரும்பாலும் அதிகம். இந்தியா 2018 ஒக்டோபரில் ஏறத்தாழ 5.4 பில்லியன் டொலருக்கு ஐந்து எஸ்-400 தொகுதிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. முதலாவது தொகுதி 2021 இறுதியில் வரத் தொடங்கியது. மூன்று கிடைத்த பின்னர், உக்ரைன் போர் காரணமாக எஞ்சியவை பிந்தின. ரஷ்யாவிடம் ஆயுதம் வாங்குவோர் மீது தடை விதிக்க அமெரிக்கா 2017இல் இயற்றிய சட்டத்தை இந்தியாவால் கடந்து செல்ல முடிந்தது. துருக்கியால் முடியவில்லை. 2019 ஜூலையில் எஸ்-400 துருக்கிக்கு வந்திறங்கிய அதே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து அந்த நாடு நீக்கப்பட்டது, 2020 டிசம்பரில் தடையும் வந்தது. இந்தியாவுக்குக் கிடைத்த சலுகை ஒரு சிறிய நாட்டுக்கும் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடுவது விவேகமாகாது.

சீனாவின் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. பாகிஸ்தான் 2017இல் நடுத்தூரச் சீன ஏவுகணையான எல்வை-80ஐயும், 2021இல் நெடுந்தூர எச்கியூ-9இன் ஒரு வகையையும் சேவையில் சேர்த்தது. சேர்பியாவுக்கான எஃப்கே-3 ஏவுகணைத் தொகுதிகளைச் சீன விமானப்படையின் ஒய்-20 சரக்கு விமானங்களே 2022 ஏப்ரலில் கொண்டுபோய் இறக்கின. ஆனால் 2013இல் சீன ஏவுகணையைத் தெரிவு செய்த துருக்கி, நேட்டோ வலையமைப்போடு அதை இணைக்க முடியாது என்ற அழுத்தத்தின் கீழ் 2015இல் அதைக் கைவிட்டது.

அமெரிக்கப் பேட்ரியட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதன் புதிய இடைமறிப்பு ஏவுகணை ஒன்றே ஏறத்தாழ நான்கு மில்லியன் டொலர், அதற்கும் செல்வந்த நாடுகள் வரிசையில் நிற்கின்றன. அதனால்தான் தென்கொரியாவின் சியோங்குங்-2 சந்தையில் மேலெழுந்தது. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, ஈராக் ஆகிய மூன்றும் அதை வாங்க ஒப்பந்தம் செய்துள்ளன. சவூதியின் பத்துப் பற்றரிகளுக்கு (ஏவிகளும் ராடாரும் சேர்ந்த ஓர் அணியே பற்றரி) 3.2 பில்லியன் டொலர் எனில், ஒரு பற்றரிக்கு 320 மில்லியன். எமது அளவிலான நாட்டுக்கு எட்டக்கூடியவை, இஸ்ரேலிடமிருந்து பிலிப்பைன்ஸ் பெற்ற ஸ்பைடர், இந்தியாவிடமிருந்து ஆர்மீனியா பெற்ற ஆகாஷ் ஆகியவற்றின் தரத்தில் உள்ளவையே. ஆகாஷின் வீச்சு ஏறத்தாழ 25 கி.மீ. என் கணிப்பில், கொழும்புக்கு மிகவும் இயல்பான தெரிவும் அதுதான்.

இரத்மலானைப் பொறியியலாளர் எழுதியது:

குமரன் அவர்களின் தகவல்களோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் ஏவுகணை கடைசியாக வாங்கப்பட வேண்டிய பொருள்.

விளம்பரத்தில் 400 கி.மீ. என்று எழுதப்பட்டிருப்பது, உயரத்தில் பறக்கும் பெரிய இலக்கு ஒன்றுக்கானது. பூமி வளைந்திருப்பதால் ராடார் அலைகள் தொடுவானத்துக்கு அப்பால் தாழ்வாகப் பறப்பதைக் காண்பதில்லை. கடற்கரையில் 20 மீற்றர் உயரக் கோபுரத்தில் இருக்கும் ராடார், 50 மீற்றர் உயரத்தில் வரும் குரூஸ் ஏவுகணையை ஏறத்தாழ 47 கி.மீ. தொலைவில்தான் முதன்முதலாகக் காணும். அது வினாடிக்கு 250 மீற்றர் வேகத்தில் வந்தால், கண்டறிந்து, நண்பனா பகைவனா என உறுதிசெய்து, கட்டளை பெற்று, சுடுவதற்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்று அதிகமான நேரமே உண்டு. 400 கி.மீ. வீச்சுள்ள ஏவுகணை அந்த மூன்று நிமிடங்களை நான்காக்கித் தராது. பல இடங்களில் ராடார்களை நிறுவி, அவற்றின் படங்களை ஒரே கட்டுப்பாட்டு அறையில் இணைத்தால்தான் நேரம் கூடும்.

இந்த நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2007 மார்ச் 26 அன்று விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. அவை செக் நாட்டில் தயாரான, பிஸ்டன் இயந்திரம் பூட்டிய ஸ்லின்-143 வகையைச் சேர்ந்தவை. மெதுவாக, தாழ்வாக, இரவில் பறக்கும் அத்தகைய விமானத்தைக் காண்பதே முதற் சிக்கல். ஜெட் இயந்திரத்தை விட வெப்பம் மிகக் குறைவு என்பதால் தோளில் வைத்துச் சுடும் வெப்பந்தேடு ஏவுகணைக்கும் அது கடினமான இலக்கு. அக்காலத்தில் கொழும்பில் திடீரென மின்சாரம் நிறுத்தப்பட்டு, இருண்ட வானத்தை நோக்கித் துப்பாக்கிகள் சுட்டுக்கொண்டிருந்த இரவுகளைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2009 பெப்ரவரி 20 அன்று வந்த இரு விமானங்களும் வீழ்த்தப்பட்டன. அவற்றுள் ஒன்று விழுந்தது எங்கே? கொழும்பு நகரின் நடுவிலுள்ள இறைவரித் திணைக்களக் கட்டடத்தில். நகரத்துக்கு மேல் சுட்டு வீழ்த்துவது அரை வெற்றிதான்.

2020இல் நாகோர்னோ-கராபாக் போரில் ஆர்மீனியத் தரப்பிடம் எஸ்-400இன் முந்தைய வகையான எஸ்-300 இருந்தது. அசர்பைஜான் பழைய அன்டனோவ்-2 விமானங்களை ஆளில்லாமல் பறக்கவிட்டு, அவற்றை நோக்கிச் சுட்ட நிலைகளை அடையாளம் கண்டு, ட்ரோன்களால் அழித்தது. நெடுந்தூர ஏவுகணையைக் காப்பதற்குக் குறுந்தூர ஆயுதம் போதாத படைக்கு, அந்த விலையுயர்ந்த ஏவுகணையே இலக்காகிவிடுகிறது.

வெள்ளவத்தை வாசகன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள். உயரம்தான் சிக்கல் எனில், நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையில் ராடாரை வைத்தால் தீராதா? மற்றது, பயன்படுத்தாவிட்டாலும், நெடுந்தூர ஏவுகணை கையில் இருப்பதே பிறரைத் தயங்கச் செய்யாதா?

இரத்மலானைப் பொறியியலாளர் எழுதியது:

கணக்கின்படி, 2,524 மீற்றர் உயரத்திலிருந்து, 50 மீற்றர் உயரத்தில் பறப்பதை 230 கி.மீ.க்கு அப்பாலும் காணலாம்; மேற்கே கொழும்புக்கு அப்பால் கடலில் கணிசமான தூரம் வரும். ஆனால் சுற்றியுள்ள மலைகள் சில திசைகளை மறைக்கும், கீழ்நோக்கிப் பார்க்கும்போது நிலத்திலிருந்து வரும் எதிரொலி இரைச்சலாகக் கலக்கும். மேலும், ஒரே ஓர் இடத்தை நம்பும் வலையமைப்பு முதல் தாக்குதலிலேயே குருடாகும். துணையாக நல்லது, தனியாகப் போதாது. இரண்டாவது ஐயம் அரசியல் சார்ந்தது, மற்றவர்களுக்கு விடுகிறேன்.

பம்பலப்பிட்டி அரசறிவியல் எழுதியது:

அந்த ஐயத்துக்குச் சைப்பிரஸ் விடை தரும். 1997 ஜனவரியில் அந்தச் சிறு தீவு ரஷ்யாவிடம் எஸ்-300 வாங்க ஒப்பந்தமிட்டது. ஏவுகணைகள் வந்தால் தாக்குவோம் என்று துருக்கி எச்சரித்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு நெருக்கடியின் முடிவில், 1998 டிசம்பரில், அவற்றைக் கிரேக்கத்தின் கிரீட் தீவில் நிறுத்துவதென முடிவாகியது. தன் நிலத்தில் ஒருபோதும் நிற்காத ஏவுகணைக்காகச் சைப்பிரஸ் இவ்வளவு பாடுபட்டது. பெரிய அயல்நாடொன்றின் வான்வெளிக்குள் எட்டிப் பார்க்கும் ராடாரும் ஏவுகணையும், அவற்றை வாங்கியவர் என்ன எண்ணினாலும், அந்த அயல்நாட்டினால் தற்காப்பாகக் கருதப்படுவதில்லை.

எமது வரலாற்றிலும் ஒரு நாள் உண்டு. 1987 ஜூன் 4 அன்று இந்தியாவின் ஐந்து அன்டனோவ்-32 விமானங்கள், மிராஜ்-2000 போர் விமானங்களின் துணையுடன், யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டுச் சென்றன. அன்று கொழும்பிடம் நெடுந்தூர ஏவுகணை இருந்திருந்தால் சுட்டிருக்குமா? இல்லை என்றே கருதுகிறேன். எட்டு வாரங்களில் இந்திய–இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தானது. தடுக்கும் ஆற்றல் என்பது ஆயுதத்தில் மட்டுமன்றி, அதைச் சுட்ட மறுநாள் என்ன நடக்கும் என்பதைத் தாங்கும் வலிமையிலும் தங்கியிருக்கிறது.

இதனால்தான் ஆகாஷ் "இயல்பான தெரிவு" என்ற குமரன் அவர்களின் கருத்தில் எனக்குத் தயக்கம். புதுடில்லிக்கு அது உவப்பானதுதான். ஆனால் விற்பவர் தன் பொருளின் அலைவரிசையையும் பலவீனத்தையும் அறிவார். நெருக்கடியில் உதிரிப்பாகத்தைத் தாமதப்படுத்தவும் முடியும். சீனாவிடம் வாங்கினாலும் இதே நிலைதான். 2022 ஓகஸ்டில் சீனாவின் கண்காணிப்புக் கப்பலான யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தபோது இந்தியாவின் எதிர்ப்பால் எழுந்த சச்சரவை நினைத்தால், சீன நெடுந்தூர ராடார் ஒன்று வடக்கு நோக்கி நின்றால் என்னவாகும் என்பது விளங்கும்.

எனவே அச்சுறுத்தலிலிருந்து தொடங்க வேண்டும். இன்று எமக்கு நிகழக்கூடியது, சபுகஸ்கந்தை எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தையோ துறைமுகத்தையோ நோக்கி மலிவான ட்ரோன் வருவதேயன்றி, குண்டுவீச்சு விமானப் படையணி வருவதல்ல. உக்ரைனில் ரஷ்யா ஏவும் ஷாஹெட் தாக்குதல் ட்ரோன்களை வீழ்த்துவதில், ஜெர்மனி கொடுத்த பழைய கெபார்ட் துப்பாக்கி வாகனங்கள் மிகவும் பயனளித்தன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய நாட்டின் திறைசேரி, முதலில் கேட்க வேண்டியது ராடாருக்கும் துப்பாக்கிக்குமான விலைப்பட்டியலையே.

கொட்டாஞ்சேனைக் குமரன் எழுதியது:

விற்பவர் மீது தங்கியிருக்கும் ஆபத்து பற்றிச் சொன்னது நியாயமானது. எனினும் எவரிடமும் தங்கியிராத தெரிவு ஒன்று சிறிய நாட்டுக்கு இல்லை என்பதால், அருகிலிருந்து ஒரே நாளில் உதிரிப்பாகம் வரக்கூடிய இடத்தை நான் இன்னும் விரும்புகிறேன்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒன்று. ஒப்பந்தங்களை ஒப்பிடும்போது தலைப்பிலுள்ள தொகையைப் பார்க்க வேண்டாம். ஏவுகணையின் திண்ம எரிபொருளுக்கும் உள்ளிருக்கும் மின்கலத்துக்கும் ஆயுட்காலம் உண்டு; அது முடிந்ததும் உற்பத்தியாளரிடம் அனுப்பிப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மீண்டும் வெளிநாட்டு நாணயம் தேவை. பயிற்சிக்குச் சுடுவதற்கான ஏவுகணைகள் விலையில் அடங்குமா, இறுதிப் பயனர் சான்றிதழ் (ஆயுதத்தை எவ்வாறு பயன்படுத்துவோம், யாருக்கும் கைமாற்றோம் என வாங்குபவர் தரும் உறுதிமொழி) எவற்றைத் தடுக்கிறது, வேறு நாட்டு ராடாரோடு இணைப்பதற்கான இடைமுகத்தைத் தருவார்களா என்பவற்றைத் தேடுங்கள். மூன்றாவதற்கு மறுப்புத் தெரிவிக்கும் விற்பனையாளரிடம், பொறியியலாளர் சொன்ன ஒரே கட்டுப்பாட்டு அறையை அமைக்கவே முடியாது; பேச்சுவார்த்தையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.